சுவரைத் தொட்டுத் திரும்பவும்

ஒரு காட்டில், நீந்தப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு விடிகாலையில் கிளம்பி வந்து, நீந்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிற மிருகங்கள் சில இருந்தன. எல்லாம் நடுவயது தாண்டிய மிருகங்கள். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குத் தொப்பை, இன்னொருவருக்கு வீட்டில் காலை நேரத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. பதக்கம் வாங்குகிற எண்ணம் யாருக்கும் இல்லை, அதனால் பதக்கம் வாங்கியவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேச அவர்களுக்கு நேரம் இருந்தது.

அவர்கள் நீந்தியது, சரி, இறங்கியது ஒரு குளத்தில். இந்தக் கரையில் கல் படிகள். எதிர்க்கரையில் பாசி படிந்த ஒரு சுவர், அதை ஒட்டிக் கோரைப்புல். நடுவில் அறுபது முழம் தண்ணீர். படியிலிருந்து கிளம்பி எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுப் படிக்கே திரும்பி வரவேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்குப் பயிற்சி என்று பெயர்.

பயிற்சி கொடுத்தவர் நாரை திருவேங்கடம் மாஸ்டர். கழுத்தில் விசில், அலகில் சாக்பீஸ். முப்பத்தொரு வருடமாக அதே மூன்றாவது படியில், அதே ஒற்றைக் காலில் நிற்கிறார். முழங்காலுக்கு மேல் அவர் நனைந்து யாரும் பார்த்ததில்லை. தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, பக்கத்துப் பாறையில் அன்றைய பட்டியலை எழுதிவிடுவார். வார்ம் அப் நான்கு முறை. காலை மட்டும் உதைத்து நான்கு முறை. ஒற்றைக் கையால் நான்கு முறை. மெயின் செட் எட்டு முறை, நிற்காமல். கடைசியில் மூச்சு ஆற மெதுவாக இரண்டு முறை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சலிக்காமல் எழுதுவார்: சுவரைத் தொட்டுத் திரும்பவும்.

உறுப்பினர்கள் அந்தப் பட்டியலை மிகுந்த மரியாதையோடு படிப்பார்கள். படித்து முடித்ததும் அவரவருக்குத் தேவையில்லாததைக் கழித்துவிடுவார்கள்.

எருமை கோமளவல்லி அம்மாளுக்கு வார்ம் அப் தேவையில்லை. வீட்டிலிருந்து நடந்து வந்ததே வார்ம் அப் என்பது அவர் கட்சி. தண்ணீரில் இறங்கி முக்கால் தூரம் போவார், நின்று நீச்சல் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். அதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிடும். குரங்கு சிங்காரவேலு, மாஸ்டர் "கால் மட்டும்" என்று வாய் திறந்ததும் ஒன்றுக்குப் போய்விடுவார். காலை மட்டும் உதைக்கிற வரிக்கும் அவருடைய மூத்திரப்பைக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிக்க வைத்தியர் ஆந்தை நான்கு வருடமாக முயல்கிறார். கரடி பலவேசம் அண்ணாச்சி மட்டும் எதையும் மறைக்கமாட்டார். மெயின் செட் வந்ததும் நேராகப் படியேறி வந்து உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"தோள்பட்டை."

அந்தக் குளத்தில் அது ஒரு சம்பிரதாயம். தோள்பட்டை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. என்ன ஆச்சு, எப்போதிருந்து, எந்தப் பக்கம், எதுவும் கேட்கக் கூடாது. எல்லோரும் ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பார்கள், பிறகு வேறு பேச்சு. மாஸ்டர்கூட விசிலைக் கீழே இறக்கிவிடுவார். முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதிய பட்டியலை எந்த மிருகமும் ஒருநாள்கூட முழுதாக முடித்ததில்லை. சுவரைத் தொட்டதும் இல்லை. குறைந்தது பத்து முழம் இருக்கும்போதே எல்லோரும் தொட்டதாகப் பாவித்துத் திரும்பிவிடுவார்கள்.

"சுவரைத் தொடுங்க. தொட்டுட்டுத் திரும்புங்க," என்று மாஸ்டர் கத்துவார்.

"தொட்டாச்சு மாஸ்டர்," என்பார்கள் நடுக்குளத்திலிருந்து.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அந்தச் சுவர் ஓரத்தில், கோரைப்புல்லுக்குள், பாசிக்கு அடியில் ஒரு முதலை படுத்திருந்தார். பெயர் சாந்தப்பன். ஆற்றில் மணலை அள்ளி அள்ளித் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டதால் எட்டு மாதத்துக்கு முன்பு இங்கே குடிவந்தவர். இந்த விஷயம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குளத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

சாந்தப்பனுக்கு வயதாகிவிட்டது. ஓடிப் பிடிக்க இடுப்பு விடாது. பல் ஆட்டம் கண்டுவிட்டதால் மீன் வழுக்கிக்கொண்டு போய்விடும். நடுக்குளத்துக்குப் போனால் தெளிந்த தண்ணீரில் பட்டப்பகல்போலத் தெரிவார், படிப் பக்கம் போனால் முதுகு வெளியே நிற்கும். ஒளிய இடம் அந்தச் சுவர் ஓரம் ஒன்றுதான். யாராவது அங்கே வந்து சுவரைத் தொட்டால் போதும், வாயை மூடுகிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார். குடிவந்த முதல் நாள் அவர் மாஸ்டரின் குரலைக் கேட்டார். சுவரைத் தொட்டுத் திரும்பவும், நாளைக்கு இருபத்திரண்டு முறை. சாந்தப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்ல இடமாகத்தான் பார்த்து வந்திருக்கிறோம் என்று நினைத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் ஆகியும் வாய் திறந்தபடியே இருந்தது. எருமை பாதியில் நின்றது. குரங்கு ஒன்றுக்குப் போனது. கரடி படியில் உட்கார்ந்து பஜ்ஜி பற்றிப் பேசியது. சாந்தப்பனுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. பாசியைத் தின்று பார்த்தார், நாக்கு செத்துப்போயிற்று. இந்தக் காட்டில் ஒழுக்கம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அந்த நாரைதான் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. மாஸ்டர் "தொடுங்க" என்று கத்தும்போதெல்லாம் இவரும் தண்ணீருக்கடியில் "தொடுங்கப்பா, தொட்டாத்தான் என்ன" என்று முணுமுணுப்பார். மனம் தாங்காமல் ஒருநாள் மதியம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு மணிநேரம் மெல்ல நகர்ந்து படிக்கட்டுக்கு வந்து, அங்கிருந்த புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போனார்.

'மதிப்புக்குரிய மாஸ்டர் அவர்களுக்கு, தங்கள் உறுப்பினர்களில் ஒருவர்கூடச் சுவரைத் தொடுவதில்லை. தினமும் அருகிலிருந்து பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை. தாங்கள் தளர்ந்துவிடக் கூடாது. இப்படிக்கு, நலம்விரும்பி.'

புகார்ப் பெட்டியில் அதுவரை ஓணான் முட்டையைத் தவிர எதுவும் இருந்ததில்லை. மாஸ்டர் கடிதத்தை மூன்று முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் தன் பட்டியலை ஒருவர் படித்து, அதை நம்பி, அதற்காகக் கவலைப்பட்டிருக்கிறார். மறுநாள் பாறையின் மூலையில் சின்ன எழுத்தில் எழுதினார்: 'நலம்விரும்பி அவர்களுக்கு நன்றி. ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன.'

ஆலோசனை அன்று மதியமே வந்துவிட்டது. 'உறுப்பினர்களுக்குத் தசை பிடிப்பதால்தான் பாதியில் நிற்கிறார்கள் என்று எண்ணுகிறேன். இஞ்சி, பூண்டு, மிளகு மூன்றையும் கல்லுப்போடு அரைத்து உடம்பெல்லாம் தடவி, அரைமணி நேரம் ஊறவிட்டுப் பிறகு தண்ணீரில் இறங்கினால் பிடிப்பு வராது. கறிவேப்பிலை அவரவர் விருப்பம்.'

மாஸ்டருக்கு இந்த அக்கறை பிடித்துப்போயிற்று. அடுத்த நாளே பாறையில் முதல் வரியாக எழுதிவிட்டார். ஆச்சரியம், பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் முதுகில் தடவிவிட்டு அரைமணி நேரம் கதை பேசலாம் என்றால் கசக்குமா? கரடி மட்டும், "எனக்கு பிரஷர், உப்பு வேண்டாம்," என்று உப்பில்லாமல் அரைத்துக் கொண்டுவந்தார். மசாலா மணம் காற்றில் சுவர்வரைக்கும் போகும். கோரைப்புல்லுக்குள் சாந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்.

இந்த நிலையில்தான் முயல் மங்கையர்க்கரசி குளத்தில் வந்து சேர்ந்தார்.

மங்கையர்க்கரசிக்கு சிங்கத்தின் அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. ஆரம்பித்த எதையும் முடிக்காமல் விட்டதில்லை. கணவர் பாதி தோண்டிவிட்டுச் சலித்துப்போன வளையை இவர்தான் தோண்டி முடித்தார். நீண்ட வரிசையில் நிற்கும்போது தன் வேலை முடிந்தாலும் வரிசை முடியும்வரை நிற்பார். குளத்தில் சேருவதற்கான படிவத்தில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பியிருந்தார். 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்த கட்டத்தையும் நிரப்பி, முத்திரை வைக்கிற இடத்தில் வட்டமாக ஒரு முத்திரையும் வரைந்திருந்தார். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஒற்றைக் காலை மாற்றிக்கொண்டார்.

முதல் நாள் மங்கையர்க்கரசி பாறையைப் படித்தார், நோட்டில் எழுதிக்கொண்டார், மசாலா தடவினார், இறங்கினார். மெயின் செட்டில் கரடி படியேறியது.

"தோள்பட்டை," என்றார் பலவேசம்.

எல்லோரும் கண்ணை மூடித் திறந்தார்கள்.

"எந்தத் தோள்பட்டை அண்ணாச்சி?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

தவளைகூடச் சத்தத்தை நிறுத்திவிட்டது. பலவேசம் இடது தோளைப் பார்த்தார், வலது தோளைப் பார்த்தார். எதைச் சொன்னாலும் நாளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. கோமளவல்லி அம்மாள்தான் வந்து முயலின் காதருகில் சொன்னார்.

"இங்க அதெல்லாம் கேக்கறதில்லம்மா. புதுசு இல்லையா, போகப்போகத் தெரியும்."

"அண்ணாச்சிக்கு மருந்து சொல்லலாம்னு கேட்டேன்க்கா."

"மருந்து வேற சொல்லாத. அவர் பாவம்."

மங்கையர்க்கரசி தொடர்ந்து நீந்தினார், ஆனால் அவராலும் சுவர்வரை போக முடியவில்லை. குளத்தில் செடிகொடி இல்லாமல் நீந்த ஒரே ஒரு பாதைதான் உண்டு, முன்னால் போகிறவரைத் தாண்டிப் போகக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. முன்னால் எருமை நின்று கண்ணாடியைத் துடைத்தால் பின்னால் முயலும் நிற்க வேண்டும். தினமும் நாற்பது முழம் போவார், எருமையின் பின்புறத்தைக் கால்மணி நேரம் பார்ப்பார், திரும்புவார். நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் டிக் போட ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தார். கட்டங்கள் காலியாகவே கிடந்தன. இருபது நாளில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே ஒரு தடவை, ஒரு பட்டியலை முழுதாக முடிக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

சாந்தப்பனுக்கும் வேறு ஆசை இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஆத்மா இருபது முழத்துக்கு அப்பால் வந்து வந்து திரும்பிப் போவதைப் பார்க்க அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. உடனே எழுதினார்.

'மாஸ்டர் அவர்களுக்கு, புதிதாக வந்திருக்கும் முயல் அம்மையார் ஒரு பொக்கிஷம். அவரை மற்றவர்கள் மறிப்பதை நிறுத்த வேண்டும். வரும் வெள்ளிக்கிழமையை நிறைவு நாள் என்று அறிவியுங்கள். பட்டியலை முழுதாக முடிப்பவருக்கு ஒரு சான்றிதழ் கொடுங்கள். சான்றிதழை எதிர்ச் சுவரில், தண்ணீரை ஒட்டிக் கோரைப்புல்லில் மாட்டுங்கள். கையால் எடுக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் தலையை நீட்டி முகர்ந்துவிட்டு வரவேண்டும் என்று விதி வையுங்கள். அன்றைக்கு மசாலா கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.'

மாஸ்டர் அப்படியே அறிவித்தார். சான்றிதழைத் தேக்கிலையில் அவரே எழுதினார், வேலியோரமாகப் போன ஒரு பச்சைக்கிளியைக் கூப்பிட்டு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். கிளி மாட்டிவிட்டு வந்து, "அங்க ஒரு நாத்தம் அடிக்குது," என்றது. பாசி நாற்றம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மங்கையர்க்கரசி இரண்டு மடங்கு மிளகு தடவிக்கொண்டு, தும்மிக்கொண்டே வந்து நின்றார். நோட்டைப் படியில் விரித்துவைத்து மேலே கல்லை வைத்தார். மாஸ்டர் விசிலை எடுத்தார்.

"இன்னைக்கு யாரும் நடுவுல நிக்கக் கூடாது. முழுசா முடிக்கறவங்க மட்டும் இறங்குங்க. முடியாதவங்க படியிலயே உக்காந்துக்கலாம்."

மற்ற மூவரும் இதைவிட நல்ல அறிவிப்பைத் தங்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. வரிசையாக உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டார்கள். விசில் ஒலித்தது. முயல் தனியாகக் கிளம்பியது. முன்னால் ஒருவரும் இல்லை. எதிர்ச் சுவரோரம் சாந்தப்பன் வாயை ஒருமுறை மூடி, எச்சில் விழுங்கி, மறுபடி திறந்தார்.

பத்து முழம். இருபது முழம். முயலின் காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொள்ள, தண்ணீர் கிழிகிறது.

படியில் கரடி சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டது.

"ஆமா, இந்த அம்மா முழுசா முடிச்சுட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், சான்றிதழ் குடுப்பாங்க," என்றது குரங்கு.

"அது இல்ல சிங்காரம். நாளைக்கு?"

குரங்கு யோசித்தது. அதன் வால் மெல்ல நிமிர்ந்தது. "நாளைக்கு மாஸ்டர் நம்மளப் பாத்து, அந்தம்மா முடிச்சாங்களே, உங்களுக்கு என்னன்னு கேப்பாரு."

கோமளவல்லி அம்மாள் நெஞ்சில் கையை வைத்தார். ஒரு ஆள் முடித்துவிட்டால் அப்புறம் முடியாது என்று யார் சொல்ல முடியும்? மூத்திரப்பை, கண்ணாடி, தோள்பட்டை, இத்தனை வருடம் கட்டிக் காத்த எல்லாம் ஒரே காலையில் போய்விடும்.

"இவ நம்ம குடும்பத்தக் கெடுக்க வந்தவ," என்றார் கோமளவல்லி. "எந்திரிங்க."

அந்தக் குளம் அப்படி ஒரு நீச்சலைப் பார்த்ததே இல்லை. எருமை வார்ம் அப் இல்லாமல் படியிலிருந்தே பாய்ந்தது. குளத்தில் பாதி தண்ணீர் கரையேறியது. குரங்கு காலை மட்டும் உதைத்தே முப்பது முழம் போனது. கரடி இரண்டு தோள்பட்டையையும் காற்றாடிபோலச் சுழற்றியது. தாண்டிப் போகக் கூடாது என்கிற ஏற்பாட்டையும் மீறி, முயலின் இடப்பக்கம் ஒருவர் வலப்பக்கம் ஒருவர் என்று முந்திப் போனார்கள். படியில் மாஸ்டர் விசில் நழுவி விழுந்தது தெரியாமல் நின்றார். இவர்களுக்குள் இது இவ்வளவு நாளாக இருந்ததா என்று அவருக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தது.

எதிரே சாந்தப்பனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஒன்று கேட்டால் நான்கு வருகிறது. எருமையை எங்கே வைப்பது, கரடியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவசரமாகக் கணக்குப் போட்டார். ஐம்பது முழம். இன்னும் பத்தே முழம்.

அங்கே மூவரும் முயலுக்கு முன்னால் அணிவகுத்து நின்றார்கள்.

"கண்ணாடி மங்கிப்போச்சு," என்றார் கோமளவல்லி.

"ஒன்னுக்கு வருது," என்றார் சிங்காரவேலு. அதைச் சொல்லிவிட்டு நகராமல் நின்றார், எல்லோரும் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

"தோள்பட்டை," என்றார் பலவேசம், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வழி விடுங்க. இன்னும் பத்து முழம்தான்," என்று கெஞ்சினார் மங்கையர்க்கரசி. இடப்பக்கம் போனார், எருமை இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் போனார், கரடி வலப்பக்கம் சாய்ந்தது. அடியில் முங்கிப் போகலாம் என்று பார்த்தால் குரங்கு நிற்கிற இடம் அது, மனம் வரவில்லை. தான் எதிலிருந்து காப்பாற்றப்படுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. தாங்கள் ஒருத்தியைக் காப்பாற்றுகிறோம் என்று அந்த மூவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு மும்முரமாகச் செய்திருப்பார்களா என்பதும் சந்தேகம்தான்.

பாசிக்கு அடியில் சாந்தப்பனுக்குக் கண்ணீர் வந்தது. முதலைக் கண்ணீர் என்று நாம் கேலி பேசுகிறோம். அன்றைக்கு வந்தது அசல்.

முயல் படிக்குத் திரும்பி வந்து, நோட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதது.

"நாப்பது வருஷமா எல்லாரும் பாதியில விட்டதெல்லாம் நான்தான் முடிச்சிருக்கேன் மாஸ்டர். எனக்குன்னு ஒன்னு, ஒரே ஒரு தடவ முடிக்கணும்னு கேட்டேன். அதுக்குக்கூட விடமாட்டேங்கறாங்க."

மாஸ்டருக்கு அதைத் தாங்க முடியவில்லை. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பின்னால் நீந்தி வந்து சேர்ந்த மூவரையும் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தாமல் பேசினார்.

"அப்படி என்னதான் கஷ்டம் உங்களுக்கு? அறுவது முழம். தொட்டுட்டு வரணும். அவ்வளவுதானே?"

வகுப்பு முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அதை எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்த குரங்கு பணிவாகச் சொன்னது. "நீங்க ஒருவாட்டி தொட்டுக் காட்டுங்க மாஸ்டர். நாங்க பாத்துக் கத்துக்கறோம்."

மாஸ்டர் தூக்கி வைத்திருந்த காலைக் கீழே வைத்தார். "காட்டறேன். அப்புறம் இந்தம்மாவ யாராவது மறிச்சீங்க, அவங்க பேர அடிச்சுடுவேன்."

சாக்பீஸைப் படியில் வைத்தார். இறங்கினார். நாரை நீந்துமா என்று கேட்காதீர்கள், முயல் படிவம் நிரப்பியபோது பேசாமல்தானே இருந்தீர்கள். பறந்து போயிருக்கலாமே என்றும் கேட்கக் கூடாது, பயிற்சியில் பறப்பது ஏமாற்று வேலை, அவர் கொள்கைக்காரர். கழுத்தை நீட்டிக்கொண்டு நேராகப் போனார். பாதியில் நிற்கவில்லை. ஐம்பது முழத்தில் திரும்பவில்லை. முப்பத்தொரு வருடம் கழித்து ஒரு உயிர் அந்தச் சுவரை நெருங்கியது.

ஒரு சாண் தூரத்தில் சுவர் பேசியது.

"மாஸ்டர், வாங்க வாங்க. நான்தான் நலம்விரும்பி."

பாசி விலகியது. மாஸ்டர் பார்த்தார். தேக்கிலைச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் இருந்தன. இஞ்சி, பூண்டு, மிளகு, கல்லுப்பு, கறிவேப்பிலை அவரவர் விருப்பம் என்பதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"எட்டு மாசமா உங்க குரலக் கேட்டுத்தான் மாஸ்டர் உசிர வச்சிருக்கேன்," என்றார் சாந்தப்பன். "இந்தக் குளத்துல கொள்கை உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் மொதல்ல வருவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, என்ன பண்றது. இன்னும் ஒரு சாண்தான். தொட்டுடுங்க."

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். திரும்பிப் படியைப் பார்த்தார், அங்கே நான்கு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு முறை வீதம் முப்பத்தொரு வருடம் தான் கத்திய வார்த்தை அவர் காதில் விழுந்தது. பிறகு, மிகவும் அடக்கமாக, அவர் சொன்னார்:

"தோள்பட்டை."

"மாஸ்டர்," என்றார் சாந்தப்பன். "நீங்களுமா?"

வாய் மூடியது. மாஸ்டர் அதற்குள் திரும்பிவிட்டார். திரும்பி வந்த அறுபது முழத்தை அவர் எந்த வகை நீச்சலில் கடந்தார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. இறக்கை தண்ணீருக்கு மேலே இருந்தது, கால் மேலே இருந்தது, மற்ற எல்லாமும் மேலேதான் இருந்தன. படிக்கட்டில் இறங்கி, மூன்றாவது படிக்கு வந்து, ஒற்றைக் காலைத் தூக்க முயன்றார். முடியாமல் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தொட்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார் பலவேசம்.

"இல்ல."

"ஏன் மாஸ்டர்?"

"தோள்பட்டை."

மூவரும் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்கள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கோமளவல்லி அம்மாள் துண்டை எடுத்து மாஸ்டர் முதுகில் போர்த்திவிட்டார். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் மாஸ்டர் தங்களில் ஒருவர் ஆகிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது.

மங்கையர்க்கரசி மட்டும் எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு விஷயத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"எந்தத் தோள்பட்டை மாஸ்டர்?"

மாஸ்டர் மெல்லத் திரும்பி நின்று, போர்த்தியிருந்த துண்டை விலக்கினார். வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் இல்லை. ஒரே ஒரு இறகு, அதுவும் பாதியாக, ஒட்டிக்கொண்டிருந்தது. முயல் அதைப் பார்த்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தது, அங்கே தண்ணீரில் நீளமாக ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது. பிறகு தன் முன்னங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தது. மிளகு, இஞ்சி, பூண்டு. மூக்கு துடிப்பது நின்றுவிட்டது.

மங்கையர்க்கரசி நோட்டை எடுத்தார், காலிக் கட்டங்களை ஒருமுறை பார்த்தார், மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கரடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் இன்னிக்கு," என்றார், "தோள்பட்டை."

எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. பலவேசம் அண்ணாச்சி நகர்ந்து இடம் கொடுத்து, பஜ்ஜிப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

இப்போதும் அந்தப் பாறையில் தினமும் பட்டியல் எழுதப்படுகிறது. வரிகள் எல்லாம் பழையவையே, எண்ணிக்கையும் பழையதே. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'அவரவர் வசதிப்படி' என்று மட்டும் மாற்றியிருக்கிறார் மாஸ்டர். மசாலா வரியை அழித்துவிட்டார், அதற்கு மட்டும் உறுப்பினர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது.

சாந்தப்பன் இன்னொரு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு, இந்தக் காட்டு மிருகங்களுக்கு லட்சியம் கிடையாது என்று கடைசியாக ஒரு கடிதம் போட்டுவிட்டு, பக்கத்துக் காட்டுக் குளத்துக்கு மாறிப்போனார். அங்கே இருக்கிறவர்கள் வேறு மாதிரி. புள்ளிமான்கள். நேரத்துக்கு வருவார்கள், சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், ஒவ்வொரு முறையும் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். திரும்ப முயற்சியாவது செய்வார்கள். ஆறே வாரத்தில் சாந்தப்பனுக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது என்று கிளி வந்து சொன்னது. அந்தக் குளத்தில் இப்போது நெரிசலே இல்லையாம். புதிய உறுப்பினர்களைச் சேர்க்கிறார்கள், படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறவர்களுக்கு முன்னுரிமை.

நீதி: பாதியில் திரும்புகிறவரே வீடு திரும்புகிறார். வீட்டில் ஏன் என்று கேட்டால் தோள்பட்டை என்று சொல்லவும்.